டேஷ்போர்டும் பாடபேதமும்

டேஷ்போர்டு என்ற சொல்லின் பிறப்பை ஒரு அகராதியில் தேடிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குதிரை வண்டிக் காலத்துச் சொல் அது. ஓடும் குதிரையின் குளம்படியில் தெறிக்கும் சேறு வண்டிக்காரன் மேல் படாதிருக்க முன்னால் வைத்த பலகைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். குதிரை போயிற்று, சேறும் பெரும்பாலும் போயிற்று, பலகை மட்டும் தங்கிவிட்டது. அதன்மேல் வேகமானி ஏறிற்று, பெட்ரோல் முள் ஏறிற்று, வானொலி ஏறிற்று. எங்கள் ஊரில் கூடுதலாக வரதராஜப் பெருமாளும் ஏறினார். முகப்புப் பலகை என்று தமிழில் எழுதலாம்தான். ஆனால் பணிமனையில் போய் அப்படிச் சொன்னால் கடையின் பெயர்ப்பலகையைக் கேட்பதாக எண்ணிக்கொள்வார்கள். ஆகவே டேஷ்போர்டு என்றே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது 1978ஆம் வருடத்துப் பிரீமியர் பத்மினி. இத்தாலிய ஃபியட் 1100 வண்டியின் உரிமம் பெற்று பம்பாய் கூர்லாவில் செய்யப்பட்ட வகை. 1974இல்தான் அதற்குப் பத்மினி என்று பெயர் சூட்டினார்கள். ஆனால் பிள்ளையார்பாளையத்தில் எவரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது ஃபியட். 1089 சிசி எஞ்சின், ஸ்டீரிங் தண்டிலேயே கியர், முன்னால் மூவர் நெருங்கி உட்காரலாம். அப்பா அதை 1987இல் இரண்டாம் கையாக வாங்கினார். வெள்ளைத் துணியில் சுற்றிய பட்டுப் புடவைகளைப் பின்னிருக்கையில் அடுக்கிக்கொண்டு, வாரம் ஒருமுறை தியாகராய நகருக்குப் போய் வருவார். புடவை மூட்டைக்குப் பக்கத்தில் மீதமிருக்கும் இடம் எனக்கு. புதுப்பட்டின் மணமும் பெட்ரோல் மணமும் கலந்த ஒரு மணம் உண்டு. அதை இப்போது எங்கே போய்த் தேடுவது?

2019இல் அத்தி வரதர் குளத்திலிருந்து எழுந்தருளிய 48 நாட்களும் ஊருக்குள் வண்டி எடுக்க வழியில்லை. ஃபியட் கொட்டகையிலேயே நின்றது. அவ்வாண்டு ஐப்பசியில் அப்பா காலமானார். வண்டி நின்றது நின்றபடியே நின்றுவிட்டது. 2023இல் பதிவைப் புதுப்பிக்க வேண்டி வந்தபோது எப்படியோ ஓட்டிச் சென்று காட்டிவிட்டேன். பிறகு மறுபடியும் தார்ப்பாய். 2024 கோடை விடுமுறையில் ஒருநாள் அம்மா, “அந்த வண்டில ஏகாம்பரநாதர் கோயிலுக்கு ஒருவாட்டி போய் வரலாம்பா” என்றாள். அதுதான் தொடக்கம்.

எஞ்சினைப் பார்க்க மெக்கானிக் இருந்தார். டேஷ்போர்டைப் பார்க்க யாருமில்லை. மேற்புற மெத்தை வெயிலில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. விளக்குகள் எரிந்தனவா இல்லையா என்பதே ஐயம். பெட்ரோல் முள் என் நினைவு தெரிந்த நாளிலிருந்தே பொய் சொல்லி வந்தது. சென்னையில் ஒரு கடையில் விசாரித்தேன். மரம்போல் தோன்றும் தகடு ஒட்டி, திரை வைத்த பாட்டுப்பெட்டி பொருத்தி, எல்லாவற்றையும் புதிதாக்கித் தர 18,000 ரூபாய் என்றார்கள். இருக்கும் பலகையை அறுத்தால்தான் திரை பொருந்துமாம். அறுப்பது என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. பணமும் இல்லை என்பது இன்னொரு காரணம். நானே செய்வதென்று முடிவு செய்தேன். திருப்புளியைக் கையால் தொட்டு இருபது ஆண்டுகள் ஆன தமிழாசிரியனுக்கு இது கொஞ்சம் அதிகமான துணிச்சல்தான்.

*

முதல் பாடம், பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றுவது, கடைசியில் மாட்டுவது. இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன். “சார், மத்ததெல்லாம் தப்பானா திருத்திக்கலாம். இது தப்பானா வண்டியே இருக்காது” என்றார். எங்கள் வண்டியில் எதிர்முனை உடலோடு சேர்ந்திருக்கிறது. ஆங்கிலேய மரபில் வந்த சில பழைய கார்களில் நேர்முனையே உடலோடு சேர்ந்திருக்கும். அது தெரியாமல் இக்காலத்துப் பொருள்களை மாட்டினால் அவை அக்கணமே கருகும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஏதும் வாங்குமுன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

வேகமானிக்குப் பின்னாலிருந்த சிறு விளக்குகளைக் கழற்றிப் பார்த்தபோது ஓர் உண்மை விளங்கியது. அவற்றில் இரண்டுதான் உண்மையில் போயிருந்தன. மற்றவை நல்ல விளக்குகள். அவை உட்காரும் குழிகளில் பச்சைப் பூஞ்சணம்போல் படிந்திருந்த துருதான் மின்சாரத்தை மறித்திருந்தது. நெருநெருவென்ற உப்புத்தாளைச் சிறு சுருளாக்கித் தேய்த்தேன். பாதி இருள் அதிலேயே நீங்கிற்று. மீதிக்கு எல்ஈடி விளக்குகள், ஒன்று நாற்பது ரூபாய். எல்ஈடிக்குத் திசை உண்டு. எரியவில்லையென்றால் கழற்றித் திருப்பி மாட்டினால் எரியும். ஒரே ஒரு விளக்கை மட்டும் மாற்றக் கூடாதென்று எலக்ட்ரீஷியன் தடுத்தார். பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா என்று காட்டும் சிவப்பு விளக்கு அது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டிகளில் அந்த விளக்கின் வழியே பாயும் மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை முதலில் எழுப்புகிறது. எல்ஈடி அவ்வளவு மின்சாரத்தை விடாது. விளக்கு என்று நாம் எண்ணுவது வெறும் விளக்கல்ல, ஓர் உறுப்பு என்பது எனக்குப் புதிய செய்தி.

பெட்ரோல் முள்ளுக்குச் செலவே ஆகவில்லை. தொட்டிக்குள் மிதக்கும் ஒரு மிதவை, அது ஏறி இறங்கும்போது மின்தடையைக் கூட்டிக் குறைக்கிறது. அந்த அளவைத்தான் முள் காட்டுகிறது. தொட்டியின் எர்த் கம்பி துருப்பிடித்திருந்தால் அந்தத் துருவின் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும். முள் பொய் சொல்லும். கம்பியின் முனையைச் சுரண்டி இறுக்கினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொய் சொன்ன முள் மெல்ல எழுந்து கால்பங்கில் வந்து நின்றது. அளவுக்குச்சி விட்டுப் பார்த்தேன். சரியாகவே இருந்தது. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அந்த முள்ளை ஒருநாளும் நம்பியதில்லை. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

மேற்புறத்துக்குத் துணி போர்த்துவது என்று வந்தபோது காஞ்சிபுரத்துக்காரனுக்கு என்ன தோன்றுமோ அதுதான் எனக்கும் தோன்றியது. வீட்டில் அறுத்தெடுத்த பட்டுத்துண்டுகள் நிறைய. மயில்கழுத்து நிறத்தில் ஒன்றை எடுத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பார்த்துவிட்டாள். “பட்ட வெயில்ல போடுவாங்களா? நெசவுக்காரன் வூட்டுல பொறந்துட்டு கேக்கற கேள்வியா இது?” என்றாள். உண்மைதான். பட்டை நிழலில்தான் உலர்த்துவார்கள். புழுவின் புரதத்தால் ஆன இழை அது. வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் நிறம் மங்கும், பழுப்பேறும், பிறகு இழை தானாகவே இற்றுப்போகும். கண்ணாடிக்கு அடியில், சித்திரை வெயிலில், காருக்குள் வைத்தால் ஓர் ஆண்டு தாங்காது. அதோடு, பளபளக்கும் எதுவும் டேஷ்போர்டின் மேல் ஆகாது. முன்கண்ணாடியில் அதன் நிழல் விழுந்து பாதையை மறைக்கும். கடைகளில் விற்கும் பளபளப்புத் தைலத்தையும் இந்தக் காரணத்துக்காகவே தவிர்த்தேன். கடைசியில் கருநீலக் கைத்தறிப் பருத்தி, ஒன்றரை மீட்டர். பசை போட்டு ஒட்டாமல், தையற்காரரிடம் உறைபோல் தைத்து, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து மாட்டினேன். அழுக்கானால் கழற்றித் துவைக்கலாம்.

*

இதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. நன்றாக நடந்ததே தவறுக்குக் காரணமாயிற்று என்று இப்போது தோன்றுகிறது.

கைப்பேசிக்கு மின்னேற்றும் சிறு சாதனம் ஒன்று வாங்கினேன், 250 ரூபாய். பலகையில் துளையிடக் கூடாதென்பதால், உடைந்துபோன எங்கள் பழைய தறியிலிருந்து எஞ்சிய மரத்துண்டு ஒன்றைத் தச்சரிடம் கொடுத்து இழைத்து வாங்கினேன். நெய்த துணியைச் சுருட்டும் மரத்தின் ஒரு முனை அது. பல்லாண்டுகள் பட்டு உரசி உரசி வழுவழுப்பேறிய மரம். அதில் சாதனத்தைப் பொருத்தி, டேஷ்போர்டின் அடியில் முன்பே இருந்த திருகில் மாட்டினேன். பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் ஃபியூஸ் வைக்கவில்லை. நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கம்பி இரும்புத் தகட்டின் விளிம்பைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையமும் போடவில்லை.

ஓரிக்கை தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது கால்மாட்டில் புகை. தகட்டின் விளிம்பு கம்பியின் மேலுறையை அறுத்துவிட்டிருந்தது. எர்த் முனையை இழுத்துப் பிடுங்குவதற்குள் ஒரு முழம் கம்பி உருகிவிட்டது. அதோடு நின்றது என் நல்லூழ். ஃபியூஸ் சாதனத்தைக் காப்பாற்ற அல்ல, கம்பியைக் காப்பாற்ற என்று அன்று தெரிந்தது. இப்போது அந்தக் கம்பிக்கென்று தனியே 3 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது, பதினைந்து ரூபாய். சாவியைத் திறந்தால் மட்டும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து கம்பி எடுத்திருக்கிறேன். வளையமும் போட்டாயிற்று. எலக்ட்ரீஷியன் உருகிய கம்பியை எடுத்து என் கையில் கொடுத்து, “வூட்டுல மாட்டி வையுங்க சார், பாடம்” என்றார்.

ஆனால் பெரிய தவறு அதுவல்ல. கம்பியை மாற்றலாம்.

இடப்பக்கப் பெட்டியின் அடித்தளம் எப்போதோ இற்றுப்போயிருக்க வேண்டும். அப்பா அங்கே ஒரு மெல்லிய பிளைவுட் பலகையை அளவாக அறுத்துப் போட்டிருந்தார். அதை வெளியே எடுத்து, இரு புறமும் உப்புத்தாளால் தேய்த்து, அதே கருநீலத் துணியை ஒட்டுவது என் எண்ணம். கொல்லையில் உட்கார்ந்து அடிப்புறத்தைத் தேய்க்கத் தொடங்கினேன். எண்ணெயும் தூசியும் ஏறிக் கறுத்துக் கிடந்தது. பாதிப் பலகை வெளுத்து வந்த பிறகு, கறுப்புக்குள் கறுப்பாக வரிசை வரிசையாக ஏதோ தெரிந்தது. கையை நிறுத்தினேன்.

பென்சில் எழுத்து. அப்பாவின் கை. தேதி, கிலோமீட்டர், ஊர். வரிக்கு ஒன்றாக.

பெட்ரோல் முள் பொய் சொன்னதால் அவர் வைத்துக்கொண்ட கணக்கு அது. எவ்வளவு ஓடியிருக்கிறது, எப்போது பெட்ரோல் போட வேண்டும் என்பதற்கு. நாள்தோறும் எழுதவில்லை. தொலைவான பயணங்களுக்கு மட்டும் போலும். எஞ்சிய பகுதியில் முதல் வரி 1992 சித்திரையில் தொடங்குகிறது. சென்னை, சென்னை, ஆரணி, சென்னை, திருப்பதி. கடைசி வரி 1996. பிறகு கணக்கெழுத இடமில்லாமல் போயிருக்கலாம். மேற்பாதி, அதாவது 1987 முதல் 1992 வரை, என் கையிலிருந்த உப்புத்தாளில் கருந்தூளாக ஒட்டியிருந்தது.

இருபது ஆண்டுகளாக வகுப்பில் சுவடிப் பதிப்பைப் பாடம் சொல்லி வருகிறேன். ஏடு செல்லரித்ததையும், ஆற்றில் விட்டதையும், அடுப்பில் போட்டதையும் மாணவர்களிடம் வருத்தத்தோடு விவரிப்பேன். அவ்வாறு செய்தவர்கள் அறியாதவர்கள் என்பது என் குரலில் இருக்கும். அன்று கொல்லையில் உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தவன் அவர்களில் ஒருவன்.

*

கல்வெட்டு படிப்பவர்கள் ஒன்று செய்வார்கள். தேய்ந்த எழுத்தின்மேல் நேராக வெளிச்சம் விழுந்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் சாய்வாக விழச் செய்தால் பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்து எழும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்துப் பார்த்தேன். அப்பா அழுத்தி எழுதுகிறவர். பென்சில் போனாலும் சில இடங்களில் அதன் தடம் மரத்தில் இறங்கியிருந்தது. வெகுநேரத்துக்குப் பின் இரண்டு இடங்கள் பிடிபட்டன. ஒன்று ‘91’ என்ற எண். அதே வரியில் சற்றுத் தள்ளி ‘செங்’. அவ்வளவுதான்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். பலகையைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“தொண்ணூத்தொண்ணா? செங்கல்பட்டுதான். எனக்கு ஆபரேஷன் ஆச்சே, அந்த வருஷம். ஒன்னய அத்த வூட்டுல வுட்டுட்டுப் போனோமே.”

எனக்கு நினைவிருந்தது. பத்து வயது. அத்தை வீட்டில் இருபது நாட்கள் விளையாடிக்கொண்டிருந்தேன். அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

“திரும்பி வர்றச்சே ரோடு சரியில்ல. ஒவ்வொரு குழிக்கும் எனக்கு உயிரு போவுது. ஒங்கப்பா வண்டிய வுட்டு எறங்கறதும், முன்னால நடந்துபோயி ரோட்டப் பாத்துட்டு வந்து ஓட்டறதும்... நாப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. மூணு மணி நேரம் ஆச்சு. வூட்டுக்கு வந்ததும் என்னப் படுக்க வெச்சிட்டு, வண்டிக்குப் போயி பென்சில எடுத்து எழுதினாரு. இந்த நேரத்துலயும் கணக்கான்னு நான் கேட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. அவரு என்னைக்கு சொன்னாரு?”

ஓர் அட்டவணையில் தேதி, எண், ஊர் என்று மூன்றே சொற்களில் அந்த மூன்று மணி நேரத்தையும் அவர் வைத்திருந்தார். அவை முழுதாக இருந்திருந்தால் நானும் ஒரு பெட்ரோல் கணக்காகப் படித்துக் கடந்து போயிருப்பேன். அம்மாவிடம் கேட்டிருக்க மாட்டேன். அதனால் அழித்தது நல்லது என்று ஆகிவிடாது. அழிந்த மற்ற வரிகளில் என்னென்ன இருந்தன என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

அழிந்த வரியைப் பென்சிலால் மீண்டும் எழுதிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. உ.வே.சா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அந்நூலில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. ஏடுகளில் கிடைக்கவில்லை. எண்களை நெருக்கி இடைவெளியை மறைத்திருக்கலாம். அப்படிச் செய்யப்படவில்லை. இன்றுவரை எல்லாப் பதிப்பிலும் 266க்குப் பிறகு 269 வருகிறது. அந்த இடைவெளியும் நூலின் பகுதிதான். நானும் பலகையில் ஏதும் எழுதவில்லை. அம்மா சொன்னதை ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, பலகையோடு சேர்த்து அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். மூலம் வேறு, உரை வேறு.

பின்னொரு மாலை கைலாசநாதர் கோயிலுக்குப் போனேன். ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த அந்த மணற்கல் சிற்பங்களின்மேல் பிற்காலத்தார் சுண்ணம் பூசினார்கள். கெடுக்கவேண்டும் என்று எவரும் பூசியிருக்க மாட்டார்கள். உதிரும் கல்லைக் காக்கவும், பழையதைப் புதிதாக்கவும்தான். சிற்றாலயங்களில் மேற்பூச்சுக்கு அடியிலிருந்து பல்லவர் ஓவியத்தின் எச்சங்களை 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரே வெளிப்படுத்தினார். ஒரு முகத்தின் பாதி, ஒரு கையின் கோடு. அவற்றை முன்பும் பலமுறை பார்த்திருக்கிறேன். பூசினவனின் பக்கத்திலிருந்து பார்த்தது அன்றுதான்.

*

இப்போது எனக்கென்று சில விதிகள் இருக்கின்றன. துளையிடாதே. பசை ஒட்டாதே. மாட்டியதைக் கழற்றினால் பழையபடி இருக்க வேண்டும். எதையும் தேய்க்குமுன் சாய்ந்த வெளிச்சத்தில் ஒருமுறை பார். ஃபியூஸை நாளைக்குத் தள்ளாதே. மொத்தச் செலவு, உருகிய கம்பியையும் சேர்த்து, 1,900 ரூபாய்.

2028இல் வண்டிக்கு ஐம்பது வயது நிறையும். 2021இல் வந்த மத்திய விதிகளின்படி ஐம்பது கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிந்துகொள்ளலாம். பதிவுக் கட்டணம் 20,000. ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாமேயன்றி அன்றாடம் ஓட்டக் கூடாது. வழக்கம்போல் புதுப்பிக்கலாம் என்றால் அதற்கும் கட்டணம் ஏறிக்கொண்டே வருகிறது. 600 ரூபாயாக இருந்தது 2022இல் 5,000 ஆயிற்று. 2025இல் இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 ஆக்கினார்கள். பம்பாயில் டாக்சியாகப் பதிவான கடைசிப் பத்மினி 2023 அக்டோபரோடு ஓய்ந்துவிட்டது. எதைத் தேர்வது என்று அம்மாவிடம் கேட்டேன். “கோயிலுக்குப் போக முடியாத வண்டி எதுக்குப்பா?” என்றாள். அவ்வளவில் அது முடிந்தது.

ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய் வந்தோம். ரங்கசாமி குளத்தைத் தாண்டும்போது பள்ளம் ஒன்று வந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பெட்ரோல் முள் சரியாக இருக்கிறது, ஆகவே கணக்கெழுதத் தேவையில்லை. ஆனாலும் வீடு திரும்பியதும் ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து, தேதியும் கிலோமீட்டரும் ஊரும் எழுதினேன். குறிப்பேடு இப்போது பலகையின்மேல் இருக்கிறது. பென்சிலால்தான் எழுதுகிறேன், அழுத்தி.